1955: ஓராண்டின் இசைத்தட்டுகள்

மேலைச் செவ்வியல் இசையின் பதிவு வரலாற்றில் 1955ஆம் ஆண்டு இரண்டு தொழில்நுட்பங்களுக்கு இடையில் அகப்பட்டுக்கொண்ட ஆண்டாகும். அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்திய எல்.பி. இசைத்தட்டு, பக்கத்துக்கு நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் இடங்கொடாத பழைய தட்டுகளை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டிருந்தது. ஆனால் இரண்டு ஒலிபெருக்கிகளின் வழியே வாத்தியங்களை இடம்பிரித்துக் கேட்கச் செய்யும் ஸ்டீரியோ முறை, எல்.பி. தட்டாகக் கடைகளுக்கு வர 1958 வரை ஆயிற்று. அதுவரை சில நிறுவனங்கள் ஸ்டீரியோவில் பதிவுசெய்த ஒலிநாடாக்களைப் பத்திரப்படுத்திவைத்தன; வேறு சில, ஒற்றைத் தடத்தில் அமைந்த மோனோ ஒலியே போதுமென்றிருந்தன. அவ்வாண்டின் சிறந்த பதிவுகளுள் எது உடனே புகழ்பெற்றது, எது அரை நூற்றாண்டு காத்திருந்தது என்பதை இசையின் தரத்தைக் காட்டிலும் இத்தகைய வணிகக் கணக்குகளும் ஒப்பந்தங்களுமே தீர்மானித்தன.

ஸ்டீரியோவில் துணிந்து இறங்கியவர்களுள் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் முன்னின்றது. ஃபிரிட்ஸ் ரைனர் நடத்திய சிகாகோ சிம்ஃபனி இசைக்குழு, 1955 அக்டோபரில் அந்நிறுவனத்துக்காக பேலா பார்டோக்கின் 'கான்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா'வைப் பதிவுசெய்தது. கான்செர்ட்டோ என்பது பொதுவாக ஒரு தனிக்கலைஞரும் இசைக்குழுவும் எதிரெதிர் நின்று உரையாடும் வடிவம். பார்டோக்கோ இசைக்குழுவின் ஒவ்வொரு பிரிவையும் முறைவைத்துத் தனிக்கலைஞராக முன்னிறுத்தியமையால், வாத்தியங்கள் இருக்கும் திசையைக் காட்டவல்ல ஸ்டீரியோவுக்கு இதைவிடப் பொருத்தமான படைப்பு அமைந்திருக்க முடியாது. ரைனர் புடாபெஸ்ட்டில் பார்டோக்கிடம் பியானோ பயின்றவர். நோயுற்று நியூயார்க்கில் இருந்த பார்டோக்குக்கு இப்படைப்பை எழுதும் வாய்ப்பு 1943இல் கிடைக்கப் பரிந்துரைத்தவர்களுள் ஒருவர்.

ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் போக்கு வியப்புக்குரியது. ஸ்டீரியோவின் அடிப்படைக் காப்புரிமைக்கு அதன் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இலேயே விண்ணப்பித்திருந்தும், 1955இல் பாடகி மரியா காலஸைக் கொண்டு மிலான் நகரின் லா ஸ்காலாவில் எடுத்த 'மதாமா பட்டர்ஃபிளை', 'ஐடா', 'ரிகொலெட்டோ' ஆகிய மூன்று ஆப்பராக்களையும் அந்நிறுவனம் மோனோவிலேயே பதிவுசெய்தது. காலஸின் அவ்வாண்டுச் சாதனைகளுள் தலையாயது ஈ.எம்.ஐ.யின் கைக்கே வரவில்லை. லுக்கீனோ விஸ்கோன்தி இயக்கத்தில், கார்லோ மரியா ஜூலினி இசை நடத்த, அவர் மே 28 அன்று லா ஸ்காலாவில் பாடிய வெர்டியின் 'லா த்ராவியாத்தா' வானொலியில் ஒலிபரப்பானது. ஆனால் 1953இல் செத்ரா என்ற இத்தாலிய நிறுவனத்துக்கு அதே ஆப்பராவைப் பாடிக்கொடுத்திருந்த காலஸ், குறிப்பிட்ட காலம்வரை வேறெவருக்கும் அதைப் பதிவுசெய்யக் கூடாதென ஒப்பந்தம் தடுத்தது. எனவே 1955 செப்டம்பரில் ஈ.எம்.ஐ. அதே அரங்கில் அதே ஆப்பராவை அந்தோனியெத்தா ஸ்தெல்லாவைக் கொண்டு பதிவுசெய்தது. முறையாக எடுக்கப்பட்ட அப்பதிவை இன்று நாடுவோர் குறைவு. கரகரப்பும் மேடைச் சந்தடியும் கலந்த வானொலிப் பதிவோ அனுமதியற்ற தட்டுகளாகப் பல்லாண்டு கைமாறி, பின்னர் ஈ.எம்.ஐ.யின் பெயரிலேயே வெளிவந்தது.

ஒலிநாடா இன்னொரு வசதியையும் தந்தது: ஒரே பகுதியைப் பலமுறை வாசித்து, வேண்டியதை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். இதைத் தம் கலையின் கருவியாகவே கொண்டவர் கனடாவின் கிளென் கூல்ட். 22 வயதான அவர் 1955 ஜூனில், முன்னாள் தேவாலயமொன்றில் இயங்கிய கொலம்பியாவின் நியூயார்க் ஒலிப்பதிவுக்கூடத்துக்குத் தந்தை செய்துகொடுத்த தாழ்வான மடக்கு நாற்காலியுடன் வந்தார். கைகளை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டு வாசிக்க அமர்ந்தார்; வாசிக்கையில் அவர் முனகுவதும் நாடாவில் ஏறியது. பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்', ஒரு மெட்டையும் அதன் அடித்தளத்தின்மீது எழுப்பப்பட்ட முப்பது வடிவங்களையும் கொண்டது. ஹார்ப்சிகார்டுக்கென எழுதப்பட்டு, அறிஞர்களுக்கு உரியதென ஒதுக்கப்பட்டிருந்தது. திரும்ப வாசிக்க வேண்டிய பகுதிகளை விட்டுவிட்டு, ஏறக்குறைய 38 நிமிடங்களில் கூல்ட் அதை முடித்தார். வேகத்தைவிட, எந்தச் சுரக்கோவையும் மற்றொன்றில் கரைந்துவிடாத தெளிவே அப்பதிவின் சிறப்பு எனலாம். 1956 ஜனவரியில் வெளியான தட்டு பெரும் விற்பனை கண்டது. 1964இல் கூல்ட் மேடைக் கச்சேரிகளையே துறந்தார்.

1955இல் அதே நியூயார்க்கில் உருவான மற்றொரு தட்டில் வெட்டி ஒட்டுவதற்கு வேலையில்லை. வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹினின் அழைப்பின்பேரில், சிதார் கலைஞர் ரவிசங்கருக்குப் பதிலாக வந்த சரோத் கலைஞர் அலி அக்பர் கான், சதுர்லாலின் தபலாவுடன் சிந்து பைரவியையும் பீலுவையும் பக்கத்துக்கு ஒரு ராகமாக வாசித்தார். மூன்று நிமிடத் தட்டுகளில் சுருக்கியே பழகிய இந்திய ராகத்துக்கு எல்.பி. தட்டு மூச்சுவிட இடமளித்தது. மேலை நாட்டுக் கேட்போருக்கு அறிமுக உரையை மெனுஹினே பேசிக்கொடுத்தார்.

டெக்கா நிறுவனம் 1955 ஜூனில் வியன்னாவில் எரிக் கிளைபரைக் கொண்டு மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஆப்பராவைப் பதிவுசெய்தது. கிளைபர் அடுத்த ஆண்டு ஜனவரி 27 அன்று, மோட்சார்ட்டின் இருநூறாவது பிறந்தநாளில், காலமானார்.

டெக்காவின் 1955ஆம் ஆண்டுப் பெருமுயற்சி ஜெர்மனியின் பைராய்ட் நகரில் நடந்தது. நான்கு ஆப்பராக்களாக ஏறத்தாழ பதினைந்து மணி நேரம் நீளும் வாக்னரின் 'ரிங்' தொடர் முழுவதையும், யோசஃப் கைல்பெர்த் நடத்த, அரங்க நிகழ்ச்சியிலிருந்தே அந்நிறுவனம் ஸ்டீரியோவில் பதிவுசெய்தது. இசைக்குழு மேடைக்கு அடியில் மூடப்பட்ட பள்ளத்தில் அமரும் அந்த அரங்கில், வாத்திய ஒலி முதலில் மேடையை நோக்கி எழும்பி, குரலோடு கலந்தே அவையை அடையும். அக்கலவையை நாடா பிடித்திருந்தது. ஆயினும் பதிவு வெளிவரவில்லை. அதற்குப் பொறுப்பாயிருந்த பீட்டர் ஆண்ட்ரி ஈ.எம்.ஐ.க்கு மாறினார்; டெக்காவில் செல்வாக்குப் பெற்ற ஜான் கல்ஷா, ஆப்பராவை மேடையிலிருந்து எடுப்பதைவிட ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாக்குவதையே விரும்பி, 1958 முதல் 1965 வரை கெயோர்க் சொல்டியைக் கொண்டு வேறொரு 'ரிங்' தொகுப்பை எடுத்தார். 2006இல்தான் டெஸ்டமென்ட் நிறுவனம் கைல்பெர்த்தின் பதிவை வெளிக்கொணர்ந்தது. சொல்டியின் தொகுப்பில் ஹான்ஸ் ஹாட்டர் வோட்டான் பாத்திரத்தை 1965இல் பாடியபோது அவருக்கு வயது 56, குரல் தளர்ந்திருந்தது; 1955இல், 46 வயதில், அதே பாத்திரத்தை அவர் முழு வலுவோடு பாடிய ஒலிநாடா அப்போது டெக்காவின் வசமே இருந்தது.