மறுதலித்தவர்கள் திரும்பி வந்தபோது...

கையில் ஒரு சர்டிபிகேட் இருந்தால் உயிர் பிழைக்கலாம். இல்லாவிட்டால் சிறை, சித்ரவதை, ஒருவேளை மரணம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கி.பி. 250-ல் ரோம சாம்ராஜ்யத்துக் கிறிஸ்தவர்கள் முன்னால் இந்தக் கேள்விதான் வந்து நின்றது. தெய்வங்களுக்குப் பலி கொடுத்து, படையலைக் கொஞ்சம் ருசி பார்த்து, அதிகாரிகளிடம் அத்தாட்சிச் சீட்டு வாங்கவேண்டும் என்று உத்தரவு போட்டார் சக்கரவர்த்தி டேசியஸ். அந்தச் சீட்டுகளில் நாற்பதுக்கும் மேல் பிற்காலத்தில் எகிப்தில் கிடைத்திருக்கின்றன!

ரோம் நகர பிஷப் ஃபேபியன் அந்த ஜனவரியிலேயே உயிரை விட்டார். ஆனால், எல்லோரும் ஃபேபியன் ஆகிவிட முடியுமா? வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், கைது செய்ய ஆள் வருமுன்பே கூட்டம் பலிபீடத்துக்கு ஓடியது. 'இருட்டிடுச்சு, நாளைக்கு வாங்க' என்று அதிகாரிகள் சொல்லியும், 'இன்னிக்கே முடிச்சுடுங்க' என்று கெஞ்சியவர்கள் உண்டாம். வேதனையோடு இதை எழுதிவைத்தவர் அந்த ஊர் பிஷப் சிப்ரியன். பலி கொடுக்காமல், காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவர்களும் இருந்தார்கள்.

251-ல் கோத் இனத்தாருடன் நடந்த போரில் டேசியஸ் செத்துப்போனார். நிஜமான பிரச்னை அதன் பிறகுதான்! மறுதலித்தவர்கள், 'எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று திருச்சபையின் வாசலுக்கு வந்து அழுதார்கள்.

சேர்க்கலாமா?

ரோமில் நோவேஷியன் என்ற பாதிரியார் கறாராகச் சொன்னார்: 'கடவுள் வேண்டுமானால் மன்னிக்கட்டும். இந்தப் பாவத்தை மன்னிக்கத் திருச்சபைக்கு அதிகாரம் கிடையாது!' புது பிஷப் கொர்னேலியஸ் இதை ஏற்கவில்லை. அவருக்குப் போட்டியாக நோவேஷியன் தானும் பிஷப் ஆனார். அவருடைய ஆட்கள் தங்களைத் 'தூய்மையானவர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள்.

சிப்ரியனுக்கோ தர்மசங்கடம். ஆபத்து வந்தபோது தலைமறைவானவர் அவர். என்றாலும், சுலபமாக மன்னித்துவிட அவர் தயாரில்லை. விசுவாசத்துக்காகச் சிறை சென்றவர்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிவந்து, 'உடனே சேர்' என்றவர்களைத் தடுத்தார். 251-ல் கார்த்தேஜில் கூடிய பிஷப்புகள் நடுவழி கண்டார்கள். சீட்டு மட்டும் வாங்கியவர்களைத் தனித்தனியாக விசாரித்துச் சேர்க்கலாம். பலி கொடுத்தவர்கள் மனம் வருந்திக் காத்திருக்க வேண்டும். மரணப் படுக்கையில் மன்னிப்பு உண்டு.

ஆனால், சீக்கிரமே இன்னொரு துன்புறுத்தல் வரும்போலத் தெரிந்தது. உடனே, வருந்திக் காத்திருந்த அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? அடுத்த சோதனையைத் தாங்க அவர்களுக்கும் பலம் வேண்டாமா!

பாருங்கள், பாவம் சின்னது என்று யாருமே சொல்லவில்லை. விழுந்தவனுக்கு எழுந்து வர வழி உண்டா என்பதுதான் கேள்வி. இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்கே வழி இருந்ததே!

258-ல், வலேரியன் ஆட்சியில், சோதனை சிப்ரியனைத் தேடி மறுபடி வந்தது. இந்தத் தடவை அவர் ஒளியவில்லை. செப்டம்பர் 14-ம் தேதி கார்த்தேஜில் அவருடைய தலை வெட்டப்பட்டது.