கணக்கியல் ஆசிரியர்களின் ஆண்டு மாநாடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணக்கியல் கற்பிப்போர் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் வழக்கத்துக்கு ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1916 டிசம்பரில் வித்திடப்பட்டது. அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் கூட்டத்துக்காக அங்கே வந்திருந்தவர்களில் கணக்கியல் நடத்தும் சிலர் தனியே அமர்ந்து பேசி, பல்கலைக்கழகக் கணக்கியல் ஆசிரியர்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வைல்ட்மன் அதன் முதல் தலைவரானார். இன்று அமெரிக்கக் கணக்கியல் சங்கம் என்று அறியப்படுவது இந்த அமைப்பே.

சங்கம் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. நியூயார்க் மாநிலம் 1896-இல் பொதுக் கணக்காளர்களுக்குச் சான்றளிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1913-இல் மத்திய வருமான வரி வந்தது. முதல் உலகப் போர் மிகை இலாப வரியையும் கொண்டுவந்து சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் இலாபத்தைக் கணக்குப் பார்த்து அரசுக்குச் சொல்லியாக வேண்டிய நிலை. வணிகப் பள்ளிகளில் மாணவர் கூட்டம் பெருகியது. ஆனால் எதை, எந்த வரிசையில், எவ்வளவு ஆழத்தில் கற்பிப்பது என்பதில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு. தொடக்கக் காலக் கூட்டங்களில் பாடத்திட்டமே பெரும்பேச்சாக இருந்ததில் வியப்பில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் மரியாதை. தத்துவமும் கணிதமும் நடத்துவோர் நடுவே கணக்கெழுதக் கற்றுத்தருபவருக்கு என்ன இடம்? இந்தக் குறையை 1923-ஆம் ஆண்டுக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசியவர் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ராண்ட் ஹாட்ஃபீல்டு. சக பேராசிரியர்கள் கணக்கியலை அழையா விருந்தாளியாகப் பார்க்கிறார்கள் என்று வருந்திய அவர், அதற்கு மறுமொழியாகப் பாடத்தின் வம்சாவளியை எடுத்து வைத்தார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரு கணக்குகளில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் விளக்கிய லூக்கா பச்சோலி பிரான்சிஸ்கன் துறவி, கணித அறிஞர், லியொனார்டோ டா வின்சியின் நண்பர். டச்சு நாட்டில் இந்த முறையைப் பற்றி எழுதிய சைமன் ஸ்டெவின் பெரிய கணிதவியலாளர். இங்கிலாந்தில் 1894-இல் சிறு நூல் எழுதிய ஆர்தர் கேலியும் அப்படியே.

அந்த உரை மறு ஆண்டு அச்சில் வந்தது, இன்றும் படிக்கப்படுகிறது. சுவையான உரைதான். ஆனால் முன்னோர் பெருமை சொல்லிக் கேட்கும் மரியாதை வெகுதூரம் போகாது. கணக்கியல் புதிதாக எதைக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

வம்சாவளியையே பார்த்தால் அது பச்சோலிக்கும் முந்தியது, துறைமுகங்களில் வளர்ந்தது. ஜெனோவா நகராட்சியின் 1340-ஆம் ஆண்டுப் பேரேட்டில் மிளகுக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. வாங்கிய செலவு ஒரு பக்கம், விற்ற வரவு எதிர்ப்பக்கம். விற்றதில் வந்த நட்டம் கடைசியில் நட்டக் கணக்குக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் ஐரோப்பா போன மிளகில் பெரும்பங்கு மலபார் கரையிலிருந்து கைமாறிக் கைமாறிப் போனதுதான்.

சங்கம் 1926-இல் ‘தி அக்கவுண்டிங் ரெவ்யூ’ என்ற காலாண்டிதழைத் தொடங்கியது. மிச்சிகனின் வில்லியம் பேட்டன் அதன் முதல் ஆசிரியர். 1929-இன் பங்குச்சந்தைச் சரிவு கணக்கியலைத் திடீரென்று பொதுப் பிரச்சினையாக்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நிறுவனங்கள் தம் சொத்து மதிப்பை இஷ்டம்போல் உயர்த்தி எழுதியிருந்தன. பத்தாயிரம் டாலருக்கு வாங்கிய நிலத்தை ஐம்பதாயிரம் என்று காட்டினாலும் கேட்பார் இல்லை. 1933, 1934-ஆம் ஆண்டுகளின் பங்குப் பத்திரச் சட்டங்களுக்குப் பிறகு, எது சரியான கணக்கு என்று யாராவது சொல்லியாக வேண்டியிருந்தது. ஆசிரியர் சங்கம் தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டு, பெயரையும் மாற்றிக்கொண்டு, 1936-இல் கணக்கியல் கொள்கைகள் பற்றிய ஒரு முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. சொத்துக்கு இன்றைய விலை போடுவது கணக்காளர் வேலையல்ல. வாங்கிய அடக்க விலையை உரிய ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுவதே வேலை என்பது அதன் சாரம். பேட்டனும் இலினாய்ஸின் லிட்டில்டனும் 1940-இல் இதை விரித்து எழுதிய சிறு நூல் ஒரு தலைமுறைக்கே பாடநூலாயிற்று.

அடுத்த திருப்பம் வெளியிலிருந்து வந்தது. ஃபோர்டு, கார்னகி அறக்கட்டளைகளின் ஆதரவில் 1959-இல் வந்த இரண்டு அறிக்கைகள் வணிகப் பள்ளிகளை வெறும் தொழிற்பள்ளிகள் என்று சாடின. முனைவர் பட்டம், புள்ளியியல், ஆய்வு என்று காற்று மாறியது. சிகாகோவில் பணியாற்றிய ரே பால், ஃபிலிப் பிரவுன் என்ற இரு ஆஸ்திரேலியர்கள் 261 நிறுவனங்களின் ஆண்டு இலாபத்தையும் பங்கு விலையையும் ஒப்பிட்டார்கள். இலாபம் எதிர்பார்ப்பை மிஞ்சிய நிறுவனங்களின் பங்கு, அறிவிப்புக்கு முந்தைய ஓராண்டாகவே ஏறிக்கொண்டு வந்திருந்தது. குறைந்தவற்றின் பங்கு இறங்கியிருந்தது. கணக்காளர் தரும் இலாப எண்ணில் உண்மையிலேயே சங்கதி இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதியைச் சந்தை முன்கூட்டியே அறிந்துகொள்கிறது. இதுவே அவர்கள் கண்டது. சங்கத்தின் இதழ் இக்கட்டுரையை ஏற்க மறுத்தது. 1968-இல் அது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. 1986-இல் அதே சங்கம் தன் துறையின் தலையாய பங்களிப்புக்கான விருதை ஏற்படுத்தியபோது, முதல் விருதை இந்தக் கட்டுரைக்கே கொடுத்தது!

ஆய்வு பெருகப் பெருக மாநாட்டின் உருவமும் மாறியது. தொடக்க ஆண்டுகளில் பொருளியலாளர் கூட்டத்தை ஒட்டி டிசம்பரில் நடந்தது, பின்னர் கல்லூரி விடுமுறையான ஆகஸ்ட் மாதத்துக்கு நகர்ந்தது. காலையில் எல்லோருக்குமான பேருரை, பிறகு ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள். கட்டுரையாளர் தன் முடிவுகளைச் சொல்வார். அதை முன்பே படித்து வந்த மற்றொருவர் குறைகளை எடுத்து வைப்பார். அடுத்து அவையினர் கேள்விகள். இதழுக்கு அனுப்புமுன் கட்டுரை இங்கேதான் அடிபட்டுத் திருந்தும். முனைவர் பட்டம் முடிக்கும் மாணவர்களுக்கு இது வேலைச் சந்தையும்கூட. அந்தச் சந்தைக்கென்றே டிசம்பரில் மயாமி நகரில் தனி முகாமும் நடந்திருக்கிறது.

இத்தனை அறைகளும் படுக்கைகளும் சேர்ந்து கிடைப்பது பெரிய ஓட்டல்களும் மாநாட்டு மண்டபங்களும் உள்ள நகரங்களில்தான். சான் ஃபிரான்சிஸ்கோ, சான் டியேகோ, ஹொனலுலு என்று கடற்கரை நகரங்கள் மாநாட்டுப் பட்டியலில் இடம்பிடித்தன. 1977-இல் உருவான ஐரோப்பியக் கணக்கியல் சங்கமும் லிஸ்பன், இஸ்தான்புல், தாலின், வாலென்சியா என்று கரையோரமாகப் பலமுறை கூடியிருக்கிறது. குடும்பத்தையும் அழைத்துவந்து விடுமுறையைக் கழிக்க இது வசதி. கடற்காற்று வாங்கவே ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள் என்ற கிண்டலுக்கும் இடம் தருகிறது.

கிண்டலைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. ஆய்வு வளர்ந்த அளவுக்குத் தணிக்கையாளரும் கணக்காளரும் இந்த அரங்குகளிலிருந்து விலகிப் போனார்கள். அங்கே வாசிக்கப்படும் புள்ளியியல் அட்டவணைகள் தொழிலில் இருப்பவருக்குப் புரிவதில்லை, பயன்படுவதும் குறைவு. இந்தப் பிளவைப் பற்றி ஆராயச் சங்கமே தொழில்முறைக் கணக்காளர் அமைப்புடன் சேர்ந்து ஒரு குழுவை 2010-இல் அமைத்தது. அக்குழு 2012-இல் அளித்த அறிக்கை, கல்வியும் தொழிலும் மீண்டும் கைகோக்க வேண்டும் என்றது. பரிந்துரை நல்லதுதான். ஆனால் பதவி உயர்வு ஆய்விதழ்க் கட்டுரைகளை எண்ணித் தரப்படும்வரை அது ஏட்டளவில்தான் நிற்கும்.

சங்கத்தின் நூற்றாண்டு மாநாடு 2016-இல் நியூயார்க்கில் நடந்தது. பெருந்தொற்றால் 2020, 2021 ஆண்டுகளின் கூட்டங்கள் இணையவழியில் நடத்தப்பட்டன. 2022-இல் பேராசிரியர்கள் மீண்டும் சான் டியேகோவில் நேரில் கூடினார்கள்.