ஹாம்பர்க் நகரத்து வாந்திபேதி

கொள்ளைநோய்களின் வரலாற்றைப் படிக்குந்தோறும், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1892ஆம் ஆண்டு கோடையில் நிகழ்ந்ததையே நான் முதலில் நினைத்துக்கொள்கிறேன். அங்கே சில தெருக்களில் ஒரு சிறகில் வாந்திபேதி வீடுவீடாகப் புகுந்தது. எதிர்ச் சிறகில் அநேகமாக அது எட்டிப் பார்க்கவேயில்லை. இரு சிறகிலும் குடியிருந்தோர் ஒரே தரத்து மக்கள்தாம். சுவாசித்த காற்றும் மிதித்த மண்ணும் ஒன்றே. வேறுபட்டது குழாயில் வந்த தண்ணீர்.

ஹாம்பர்க், எல்ப் நதியின்மீது அமைந்த பெருந்துறைமுகம். செனட் என்னும் சபையின்கீழ்த் தன்னாட்சி நடத்திய வணிக நகரம். அதை ஒட்டினாற்போல் ஆல்ட்டோனா இருந்தது. அது பிரஷ்ய அரசுக்கு உட்பட்ட ஊர். ஒன்று எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பது புதிதாக வந்தவனுக்குப் புலப்படாது. இரண்டும் எல்ப் நதியின் நீரையே குடித்தன. ஹாம்பர்க் நகருக்கு மேற்புறத்தில் நீர் எடுத்தது. ஆல்ட்டோனாவோ, ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு, கீழ்ப்புறத்தில் எடுத்தது. இவ்விரண்டில் எந்த ஊர் தப்பும் என்று கேட்டால், எவரும் ஹாம்பர்க் என்றே விடை கூறுவர். நடந்தது நேர்மாறு. ஹாம்பர்க்கில் மடிந்தோர் ஏறத்தாழ 8,600 பேர். ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் வாழ்ந்த ஆல்ட்டோனாவில் மாண்டவர் சில நூற்றுவரே. ஆல்ட்டோனா 1859 முதல் நதிநீரை மணற்படுகையில் மெல்ல வடியவிட்டுப் பின்னரே குழாய்க்கு அனுப்பியது. ஹாம்பர்க் அவ்வாறு செய்யவில்லை.

நான் மாணவனாயிருந்தபோது, குழாய் போட்ட ஊரெல்லாம் சுகாதாரமான ஊர் என்றே எண்ணியிருந்தேன். ஹாம்பர்க் அந்த எண்ணத்தைக் கலைத்தது. 1842இல் நேர்ந்த பெருந்தீயில் நகரின் நடுப்பகுதி சாம்பலாயிற்று. அதன்பின் வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலப் பொறியாளர் பாதாளச் சாக்கடையும் நீர்க்குழாய்களும் அமைத்தார். ஐரோப்பாக் கண்டத்தில் அக்காலத்து முன்மாதிரி அவை. ஆனால் வேண்டியது என்ன? தீயை அணைக்க நீர். வீடுகளுக்கு ஏராளமான நீர். நீரின் அளவே குறிக்கோளாயிருந்தது, தூய்மை அன்று. மண்டி படியத் தொட்டிகள் இருந்தனவெனினும், மக்கட்தொகை பெருகப் பெருக நீர் அவற்றில் தங்கும் நேரம் குறைந்தது. குழாய்களுக்குள் நத்தையும் விலாங்கும் வாழ்ந்தன! கடலின் ஓதம் பொங்கும் வேளையில் துறைமுகத்துக் கழிவு, நீரெடுக்கும் இடம்வரை எதிரேறியது. அந்தக் கோடையில் நதியும் வற்றியிருந்தது. நோய்க்கிருமி ஒருமுறை குழாய்க்குள் புகுந்தபின், அதை வீடுதோறும் கொண்டுசேர்க்கும் வேலையை அந்த அழகிய குழாய்களே செய்தன.

மணல் வடிகட்டியைப் பற்றி அந்நகரத்தார் அறியாமலில்லை. ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். நகரப் பேரவையில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கெனத் தனி இடங்கள் உண்டு. செலவை யார் ஏற்பது, வீடுகளில் நீர்மானி பொருத்துவதா வேண்டாவா என்று பேச்சு நீண்டது. மியூனிக் நகரத்து அறிஞர் பெட்டன்கோஃபர், வாந்திபேதிக்கு மண்ணின் நிலையே காரணம், குடிநீரன்று என்று சொல்லிவந்தார். செலவைத் தள்ளிப்போட விரும்பியோருக்கு அக்கொள்கை இனித்தது. விந்தை என்னவெனில், அதே பெட்டன்கோஃபர் தம் சொந்த ஊரின் துப்புரவுக்காக வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர். கடைசியில் 1890இல் வடிகட்டிக்கு ஒப்புதல் கிடைத்தது. வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே நோய் வந்துவிட்டது.

ருசியாவில் பரவியிருந்த வாந்திபேதி, அமெரிக்கா செல்லத் துறைமுகத்தில் தங்கிய ஏழைக் குடியேறிகளோடு வந்தது என்பர் பலர். எவ்வாறு வந்தபோதிலும், ஆகஸ்டு மாத நடுவில் மக்கள் சாகத் தொடங்கினர். நோய் உண்டென ஒப்புக்கொண்டால் கப்பல்கள் நின்றுவிடும், வாணிகம் முடங்கும். ஆகவே அதிகாரிகள் நாட்களைக் கடத்தினர். அந்த இடைவெளியில் 'மொரேவியா' என்ற கப்பல், நோயற்ற துறைமுகத்திலிருந்து வருவதாகச் சான்றிதழ் பெற்று நியூயார்க்குக்குப் புறப்பட்டது. வழியில் 22 பேர் இறந்தனர், பெரும்பாலோர் குழந்தைகள்.

பெர்லினிலிருந்து ராபர்ட் காக் அனுப்பப்பட்டார். 1884இல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டவர் அவர். துறைமுகத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாம் ஐரோப்பாவில் இருப்பதையே மறந்துபோனதாகச் சொன்னாராம். கல்கத்தாவைப் பார்த்தவர் வாயிலிருந்து வந்த சொல் அது. நமக்குச் சற்று உறைக்கத்தான் செய்கிறது. குடிநீரைக் காய்ச்சுங்கள் என்று அறிவித்தார்கள். காய்ச்ச விறகும் கரியும் வேண்டுமே. ஏழைகளின் வீடுகளிலேதான் சாவு மிகுந்தது.

காக்கின் கண்ணில் பட்டது எல்லைப்புறத்துக் குடியிருப்பு ஒன்று. அது ஹாம்பர்க்கின் நிலத்தில் இருந்தது. முந்நூறுக்கு மேற்பட்டவர் அங்கே வாழ்ந்தனர். ஏதோ வசதி கருதி அதற்கு ஆல்ட்டோனாவின் குழாய் இணைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் பிணங்கள் போய்க்கொண்டிருக்க, அங்கே ஒருவருக்கும் நோய் வரவில்லை. எந்த ஆய்வுக்கூடத்திலும் இப்படியொரு சோதனையை எவரும் துணிந்து செய்திருக்க மாட்டார்கள்.

ஹாம்பர்க்கின் வடிகட்டி 1893ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன், அவ்வாண்டுக் குளிர்காலத்தில், தப்பிய ஆல்ட்டோனாவிலேயே வாந்திபேதி தலைகாட்டிற்று. அளவில் சிறிது எனினும் நகரத்தார் திகைத்தனர். காக் ஆராய்ந்ததில், மணற்படுகை ஒன்று பனியில் உறைந்து, நீர் சரியாக வடியாமல் கடந்துபோனது தெரியவந்தது. அதுமுதல் வடிகட்டி இருந்தால் போதாது, ஒவ்வொரு படுகையின் நீரையும் நாள்தோறும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். வடிந்த நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கிருமிகளுக்கு மேல் இருந்தால் அந்நீரை ஊருக்கு விடலாகாது என்பது அவர் வகுத்த அளவு.