கணக்கு எங்கே நடக்கிறது? எந்திரக் கருவி நிரல்மொழிகளின் வரலாறு

எண்முறைக் கட்டுப்பாட்டு எந்திரங்களின் நிரல்மொழி வரலாற்றைப் படிப்படியான முன்னேற்றமாகவே பலரும் எழுதுகிறார்கள். சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. 1950களின் இறுதியில் உருவான ஏபிடி எனும் நிரல்மொழி, எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறிகளால் எந்திரத்துக்குக் கட்டளையிட்டு இன்று பட்டறைகளில் ஓடும் ஜி-கோடைவிடச் சொல்வளம் மிக்கது. ஆனாலும் நிலைத்தது ஜி-கோடுதான். வெட்டுப்பாதையைக் கணக்கிடும் வேலை எந்தக் காலத்தில் எங்கே நடந்தது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டியில் ஹெலிகாப்டர் சுழலிறக்கைகள் செய்துவந்தவர் ஜான் பார்சன்ஸ். அவரிடம் பொறியாளராக இருந்த ஃபிராங்க் ஸ்டூலன், இறக்கை வளைவின் புள்ளிகளை ஐபிஎம் துளையட்டை எந்திரத்தில் கணித்தார். பட்டறையில் ஒருவர் அட்டவணையைப் பார்த்து எண்களை உரக்கப் படிப்பார். எக்ஸ் அச்சில் ஒருவரும் ஒய் அச்சில் ஒருவரும் கேட்டுக் கேட்டுக் கைச்சக்கரத்தைத் திருப்புவார்கள். படித்தவரின் இடத்துக்குத் துளைநாடாவும், திருப்பியவர்களின் இடத்துக்கு அச்சைத் தானே நகர்த்தும் சர்வோவும் வந்தன. அமெரிக்க விமானப்படையின் 1949ஆம் ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்த எம்ஐடி ஆய்வகம், 1952இல் சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் மில்லிங் எந்திரத்தை இப்படி ஓட்டிக் காட்டியது.

எந்திரம் தயார், நாடா தயாரிப்பதுதான் பெரும்பாடு. அந்தச் சுமையைக் கணினியிடம் தள்ள, எம்ஐடியில் டக்ளஸ் ராஸ் குழு 1956 முதல் ஏபிடியை உருவாக்கியது. விமான நிறுவனங்கள் கூட்டாக உழைத்தன. 1959 பிப்ரவரியில் செய்தியாளர்களுக்கு அறிமுகமானபோது, ஏபிடி வழியே வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணத்தை நினைவுப்பொருளாகக் கொடுத்தார்கள்.

ஏபிடியில் புள்ளி, கோடு, வட்டம் ஆகியவற்றுக்குப் பெயரிட்டுவிட்டு, கட்டரை, அதாவது வெட்டுக்கருவியை, எப்படிச் செலுத்துவது என்று கட்டளையிட வேண்டும்: கோட்டுக்கு இடப்பக்கமாக இரு, இடப்புறம் திரும்பு, இந்த வட்டத்தைக் கடந்ததும் நில். கட்டரின் அடிமுனை ஒரு பரப்பில் பதிய, பக்கம் இன்னொன்றை உரசிச் செல்ல, மூன்றாவது பரப்பு அதை நிறுத்தும். கட்டர்பாதையின் அச்செண்களை நிரலாளர் கணக்கிட வேண்டியதேயில்லை. கணினி தரும் கட்டர்நிலைக் கோப்பை, போஸ்ட் புராசஸர் எனும் தனி நிரல் அந்தந்த எந்திரத்துக்குப் புரியும் குறிகளாக மாற்றும். என் பார்வையில் ஏபிடியின் நிலைத்த கொடை, பாதைக் கணக்கையும் எந்திரக் குறிகளையும் பிரித்த இந்த ஏற்பாடுதான். அதன் கட்டளைச் சொற்கள் அல்ல.

இப்படிக் கணக்கு பட்டறையிலிருந்து நிரலாளரின் அலுவலகத்துக்குப் போனதைத் தொழிலாளியின் அதிகாரத்தைப் பறிக்கும் தேர்வாகவே வரலாற்றாளர் டேவிட் நோபிள் 1984இல் வாசித்தார். தொடக்கக் காலத்துக்கு அது பொருந்தும். ஆனால் 1970களில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே கணினி புகுந்தபின், கணக்கின் ஒரு பகுதி பட்டறைக்குத் திரும்பியது. ஜி-கோடின் ஜி41 என்ற குறி அதற்கு நல்ல சான்று: கட்டர் கோட்டுக்கு இடப்பக்கம் என்ற ஏபிடியின் கருத்தே அது. தேய்ந்த கட்டரின் விட்டத்தை ஆபரேட்டர் மாற்றிப் பதிந்தால், பாதை தானே விலகிக்கொள்ளும். இத்தகைய வசதிகள் ஏறஏற, ஜி-கோடை உதறவேண்டிய தேவை குறைந்தது.

1982இல் ஜி-கோடுக்கான ஐஎஸ்ஓ 6983 தரநிலை வந்தும் ஒருமை வரவில்லை. ஃபானுக் கட்டுப்பாட்டில் ஓடும் லேத்தின் ஜி-கோடு ‘ஏ’ முறையில் ஜி92 மரை வெட்டும் சுழற்சி. ‘பி’ முறையில் அதே குறி சுழல்வேக உச்சவரம்பை வைக்கும். அச்சு நகர்வுக்குப் பதிலாக, வெட்டவேண்டிய குழி, துளை ஆகியவற்றையே எந்திரத்துக்குச் சொல்லும் ஐஎஸ்ஓ 14649, 2003இல் வெளிவரத் தொடங்கியது; பட்டறைகள் பெரிதாக அசையவில்லை. இன்றும் கணினிவழி உற்பத்திக்கான கேம் மென்பொருள் பாதை போட, போஸ்ட் புராசஸர் அதை ஜி-கோடாக்குகிறது. அந்தந்த எந்திரத்துக்குப் போஸ்ட் எழுதித் தருவதே இன்று தனித் தொழில்.