போர்க்காலத்துக்குன்னு ஒரு சட்டப் பிரிவு

தொழிற்சாலைச் சட்டம்னு சொன்னாலே கொட்டாவி வரும்னு தெரியும். ஆனா இதுக்குள்ள ஒரு கதை இருக்கு மக்களே, கொஞ்சம் பொறுமையா படிங்க :-)

போர் வந்தா உற்பத்தி பெருகணும், அதுக்கு ஆள் வேணும். அந்த அவசரத்துல முதல்ல அடிவாங்குறது தொழிலாளியோட பாதுகாப்பு.

இரண்டாம் உலகப்போரையே எடுத்துக்குவோம். சுரங்கத்துக்குள்ள பெண்கள் இறங்கக் கூடாதுன்னு 1929-ல விதி போட்டு, படிப்படியா குறைச்சு, 1937-ல முழுத்தடை வந்தது. 1943-ல நிலக்கரித் தட்டுப்பாடு. சுரங்கத்துக்கு ஆள் கிடைக்கலை. தடையைத் தூக்கிட்டாங்க. அப்போ வைஸ்ராய் நிர்வாக சபையில தொழிலாளர் துறையைக் கவனிச்சது டாக்டர் அம்பேத்கர். 1944 பிப்ரவரியில மத்திய சட்டசபையில இது பெரிய விவாதமாச்சு. இது அவசரத்துக்கான ஏற்பாடு மட்டும்தான்னு அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தடை திரும்ப வந்தது 1946-ல.

அதே 1944, ஏப்ரல் 14. பம்பாய் துறைமுகத்துல ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடிச்சது. சுமார் 1,400 டன் வெடிமருந்தும், பஞ்சுப் பொதிகளும் ஒரே கப்பல்ல! போர் அவசரம்னு அதையும் அனுமதிச்சிருந்தாங்க. நூத்துக்கணக்கான பேர் செத்தாங்க.

1945-ல தொழிற்சாலைகளுக்கான தலைமை ஆலோசகர் அலுவலகம் வந்தது. 1948 செப்டம்பர்ல தொழிற்சாலைகள் சட்டம் நிறைவேறிச்சு. எங்க விராலிமலைக்கு இதுல ஒரு சுவாரசியம் உண்டு. ஊர் புதுக்கோட்டை சமஸ்தானத்துல இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவோட தொழிற்சாலைச் சட்டம் சமஸ்தானத்தைக் கட்டுப்படுத்தாது. 1948 மார்ச் 3-ல சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சது. ஆறு மாசத்துல புதுச் சட்டம். இன்னிக்கு ஊரைச் சுத்தி இத்தனை பேக்டரி இருக்கறப்ப இது சின்ன விஷயமில்லை.

பொறி பறக்குற வேலைக்குக் கண்ணாடி தரணும் (பிரிவு 35), விஷவாயு இருக்குற இடத்துல சுவாசக் கருவியும் கயிறும் தயாரா இருக்கணும் (பிரிவு 36)னெல்லாம் அந்தச் சட்டம் எழுதி வெச்சது. கூடவே பிரிவு 5. போர், அந்நிய ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம்னு நாட்டோட பாதுகாப்புக்கே ஆபத்து வந்தா, மாநில அரசு விதிவிலக்கு கொடுக்கலாம். ஒரு தடவைக்கு மூணு மாசம்தான். குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாதுங்கற பிரிவு 67-ஐ மட்டும் அப்பவும் தொட முடியாது.

இப்போ 2020-க்கு வாங்க. கொரோனாவை எல்லாரும் போர்னே சொன்னாங்க. திருப்பூர்ல பனியன் தைச்ச மெஷின்கள் கவச உடை தைச்சது. கோவை சிட்ராவுல செயற்கை ரத்தத்தை அழுத்தி, துணி வழியா ஊடுருவுதான்னு சோதிச்சாங்க. தேறினாத்தான் சான்றிதழ். போட்டுக்கிறவங்களுக்கு அவ்வளவு கவனம், சரிதான். செய்யறவங்களுக்கு?

ஏப்ரல் 17-ல குஜராத் அரசு பிரிவு 5-ஐக் கையில எடுத்தது. தொழிற்சாலைகள்ல நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் கிடையாது. வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. தொற்றுநோயால வந்த பொருளாதாரக் கஷ்டம், நாட்டோட பாதுகாப்பை மிரட்டுற 'உள்நாட்டுக் குழப்பம்' ஆகாதுன்னு 2020 அக்டோபர் 1-ல நீதிபதிகள் அந்த ஆணையை ரத்து செஞ்சாங்க. ஓவர்டைம் பாக்கியையும் கொடுக்கச் சொன்னாங்க.

கதை முடிஞ்சதுன்னு நினைச்சீங்களா? இல்லை. அதே 2020-ல பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்து பழைய சட்டத்தோட இடத்தைப் பிடிச்சது. அதுல பிரிவு 128-ஐப் பாருங்க. போரோட பேரிடர், பெருந்தொற்று ரெண்டும் சேர்ந்தாச்சு. விலக்கு ஒரு தடவைக்கு ஒரு வருஷம் வரைக்கும் போகலாம்.

போருக்கு மூணு மாசம் போதும்னு 1948-ல நினைச்சவங்க, மேல சொன்ன ரெண்டு சம்பவத்தையும் கண்ணால பார்த்த தலைமுறை. ஒரு வருஷம் எதுக்குன்னு கேட்க வேண்டியது நாமதான். நீங்க என்ன சொல்றீங்க?