பத்திரிகைக்காரர் ஓட்டிய காரும் நாம் வாங்கும் காரும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாயிற்று. வேலை, பனி, சோம்பேறித்தனம், எல்லாம் வழக்கமான சாக்குகள்தான். இன்றைக்குக் கொஞ்சம் காரும் கொஞ்சம் சரித்திரமும்.

விஷயம் இதுதான். என் மகளுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. கையில் நாலு காசு சேர்ந்ததும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை வந்துவிட்டது. 1999-ஆம் வருடத்து ஆடி டிடி. இங்கே ஜெர்மனியில் அந்த வயதுக் கார்கள் கட்டுப்படியாகிற விலைக்குக் கிடைக்கின்றன. "அப்பா, எல்லா ரிவ்யூவிலும் சூப்பர்னு போட்டிருக்காங்க" என்று அந்தக் காலத்துப் பத்திரிகைப் பக்கங்களை அச்செடுத்து நீட்டினாள்.

"எழுதினவங்க எத்தனை நாள் ஓட்டினாங்கம்மா?" என்று கேட்டேன். முறைத்தாள் :-)

அது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தானாக வருகிற கேள்வி. நான் கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டனில் வளர்ந்தவன். அப்பா சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். நிபுணர் அறிக்கையை நம்பிக் கெட்டவர்களின் கதையும் பிழைத்தவர்களின் கதையும் தங்கத் தொழிலில் ஒன்றாகவே கிடக்கின்றன.

முதலில் கெட்டவர்கள். 1879-இல் இந்திய அரசு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ப்ரௌ ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வயநாட்டுப் பக்கம் அழைத்து வந்தது. பந்தலூர், தேவாலா பகுதிகளைப் பார்த்துவிட்டு நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. பங்கு வாங்கக் கூட்டம் அலைமோதியது. சில வருடங்களிலேயே எல்லாம் படுத்துவிட்டது. பாறையில் தங்கம் இல்லாமல் இல்லை, ஆனால் போட்ட காசை எடுக்கும் அளவுக்கு இல்லை.

இப்போது எங்கள் ஊர். 1880-இல் தொடங்கிய மைசூர் கம்பெனியும் இதே அலையில் வந்ததுதான். போட்ட பணம் கரைந்துகொண்டிருந்தது, தங்கத்தைக் காணோம். ஜான் டெய்லர் நிறுவனம் கேப்டன் பிளம்மரை அனுப்பியது. அவர் பழங்காலத்தில் உள்ளூர்க்காரர்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளைக் கவனித்து அவற்றுக்கும் கீழே இறங்கினார். 1880-களின் நடுவில் சாம்பியன் ரீஃப் கிடைத்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும் வரை சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது.

ப்ரௌ ஸ்மித், பிளம்மர் இருவரும் தொழில் தெரிந்தவர்கள்தான். ஆனால் பிளம்மர் தன் அறிவோடு, முன்பே அங்கே உழைத்தவன் விட்டுப்போன தடயத்தையும் சேர்த்துக்கொண்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு காருக்கு வருவோம்.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் ஈ-டைப் அறிமுகமானது. அதே மாதம் பிரிட்டனின் 'ஆட்டோகார்' பத்திரிகை ஒரு காரை ஓட்டி, மணிக்கு 150 மைல் தொட்டது என்று எழுதியது. நம் கணக்கில் 240 கிலோமீட்டருக்கு மேல். உலகமே வாயைப் பிளந்தது. பத்திரிகை பொய் சொல்லவில்லை, அந்தக் கார் ஓடத்தான் ஓடியது. ஆனால் அது கம்பெனி பார்த்துப் பார்த்துத் தயார் செய்து கொடுத்த கார். கடையில் வாங்கியவர்களின் கார் பொதுவாக அந்த வேகத்தைத் தொடவில்லை. சுரங்கத்து ஆட்களிடம் சொன்னால் உடனே புரியும்: பரிசோதனை சரி, ஆனால் கல்லைப் பொறுக்கிக் கொடுத்தது யார்? அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' தான் சோதிக்கும் கார்களைச் சொந்தக் காசில், தான் யார் என்று சொல்லாமல் வாங்குவது இதனால்தான்.

அடுத்தது என் மகள் கேட்கும் கார். 1998-இல் ஆடி டிடி வந்தபோது அதன் வடிவத்தைப் புகழாத பத்திரிகை அரிது. வழவழவென்று ஒரே வளைவு, பின்னால் ஸ்பாய்லர் கூடக் கிடையாது. அந்த அழகுதான் வினையாயிற்று. ஆட்டோபானில் அசுர வேகத்தில் போகும்போது காற்று காரின் பின்பக்கத்தைத் தூக்கும். சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். அந்த நேரத்தில் சட்டென்று தடம் மாறினாலோ வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ வண்டி சுழன்றுவிடும். ஜெர்மனியில் விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. 1999 கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. விற்ற கார்களுக்குப் பின்னால் ஸ்பாய்லர் பொருத்தி, சஸ்பென்ஷனை மாற்றிக் கொடுத்தார்கள். புதிய கார்களில் வண்டி சுழலாமல் காக்கும் ஈஎஸ்பி கட்டாயமாக வந்தது. பல்லாயிரம் பேர் மழையிலும் அவசரத்திலும் மாதக்கணக்கில் ஓட்டும்போது வெளிப்படுகிற குணம், கைதேர்ந்த ஒருவர் சில நாள் ஓட்டும்போது வெளிப்படாமல் போகலாம்.

அப்படியென்றால் பத்திரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊர் சொல்வதைக் கேட்கலாமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982-இல் டால்ஃபின் என்ற குட்டிக் காரை விட்டது. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் மாதிரி, 848 சிசி எஞ்சின், ஃபைபர் கிளாஸ் உடம்பு. 'பிளாஸ்டிக் கார்' என்று கேலி பேசினார்கள். அதே கார் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் பந்தயத்தில் சக்கைப்போடு போட்டது. எடை குறைவு, அதனால் துள்ளி ஓடியது. ஆனாலும் விற்கவில்லை. இரண்டே கதவு. தாத்தா பாட்டியோடு கோயிலுக்குப் போகிற குடும்பம் பின் சீட்டுக்கு எப்படி ஏறும்? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் கதை முடிந்தது. பந்தயக்காரர் சொன்னதும் சரி, குடும்பம் ஒதுக்கியதும் சரி. இரண்டு பேரும் காரிடம் கேட்டது வேறு வேறு கேள்வி.

ஆக நான் மகளிடம் சொன்னது இவ்வளவுதான். ஸ்டியரிங் எப்படி, பிரேக் எத்தனை மீட்டரில் பிடிக்கிறது, வேறு கார்களோடு ஒப்பிட்டால் எப்படி என்பதற்கெல்லாம் விமர்சகரை நம்பு. நூறு கார் ஓட்டியவருக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. அந்தக் காரை யார் கொடுத்தார்கள் என்று மட்டும் பார். பத்து வருடத்தில் எது உடையும், மழையில் என்ன செய்யும் என்பதை அதோடு வாழ்ந்தவனிடம் கேள். உனக்குப் பொருந்துமா என்பதை நீயே ஓட்டிப் பார்.

சனிக்கிழமை காரைப் பார்க்கப் போனோம். பின்னால் ஸ்பாய்லர் இருந்தது. சஸ்பென்ஷன் மாற்றியதற்கான முத்திரை சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்பே அவள் கேட்டுவிட்டாள். உரிமையாளர் பதினோரு வருடமாக வைத்திருப்பவர், அலமாரியில் தேடி எடுத்து வந்து காட்டினார். அவரோடு ஒரு மணி நேரம் பேசினாள். கிளட்ச் மாற்றிய செலவு, குளிர்காலத்தில் படுத்தியது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

இன்னும் வாங்கவில்லை. அடுத்த வாரம் வேறு மெக்கானிக் ஒருவர் காரைத் தூக்கி அடியில் பார்க்கப் போகிறார். வரும் வழியில், "தாத்தா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று கேட்டாள்.

"அவரே படுத்துக் காருக்கு அடியில் போயிருப்பாரு" என்றேன்.