தொட்டிக்கு அடியில் ஒரு அரவை மெஷின்

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் சமையல் கழிவு என்று தனியாக ஒன்று கிடையாது. அம்மா மடவை மீனை ஆய்ந்து முடிப்பதற்குள் செவுளும் குடலும் காக்கைக்கும் பூனைக்கும் போய்விடும். இறால் தலை தென்னையடியில் புதையும். அப்படி வளர்ந்தவன், நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போனபோது முருங்கைக்காய்ச் சக்கையைக் கழுவுதொட்டியின் ஓட்டைக்குள் தள்ளி சுவிட்சைப் போட்டேன். மெஷின் முனகிவிட்டு நின்றது. மாப்பிள்ளைக்கு வேலை போயிருந்த சமயம் வேறு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குற்ற உணர்ச்சியில் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ரசீன் ஊரில் ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-ல் இதை உருவாக்கினார். 1935-ல் காப்புரிமை, 1938-ல் 'இன்-சிங்க்-எரேட்டர்' கம்பெனி. பக்கத்து நியூயார்க் நகரத்திலோ 1970-கள் முதல் பெரும்பகுதியில் இதற்குத் தடை. அங்கே பல இடங்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் அது ஆற்றில் வழியும்போது அரைத்த எச்சிலும் சேர்ந்து போகுமே என்ற கவலை. 1997-ல்தான் தடையை எடுத்தார்கள். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொள்வதைப் பார்த்தவன் நான். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது.

உள்ளே கத்தி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. சுழலும் தட்டில் மழுங்கிய இரும்புத் துண்டுகள் இரண்டு. அவை எச்சத்தைச் சுற்றுச்சுவரில் அடித்துத் தேய்க்கின்றன. நார் சிக்கினால் தட்டு நின்றுவிடும், மோட்டார் மட்டும் முனகும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அடியில் நடுவிலுள்ள துளையில் அறுகோணச் சாவியை விட்டு இப்படியும் அப்படியும் திருப்பினார் மாப்பிள்ளை. நாரை இடுக்கியால் எடுத்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஓடியது!

ஆனால் மறுவாரம் அலமாரிக்குள் ஈரம். மகள் ஒரு வாளியை வைத்து, "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்ப்பா" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். தொட்டியோடு சேரும் இடத்திலோ பக்கத்துக் குழாயிலோ ஒழுகினால் முடுக்கிச் சரிசெய்யலாம். இது மெஷினின் அடிவயிற்றிலிருந்தே சொட்டியது. உள் சீல் போய்விட்டது, தண்ணீர் மோட்டாரைத் தொடுகிறது. அதைப் பிரித்துச் சீல் மாற்றும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம். இவை சுமார் பத்து, பன்னிரண்டு வருடம் உழைக்குமாம். இதற்கு வயது பதினான்கு.

"சக்கையால இல்ல மாமா, அதுக்கு வயசாயிடுச்சு" என்றார் மாப்பிள்ளை. பிளம்பரைக் கூப்பிடாமல் சனிக்கிழமை அவரே மாட்டினார். டார்ச் பிடித்தது நான். முருங்கைச் சக்கை இப்போது கொல்லையில் ரோஜாச் செடிக்கு அடியில் போகிறது.